பத்து ரூபாய்க் காசும் பியானோ கட்டையும்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அது பகல் பிழைப்பு. மற்றபடி இருபது வருஷமாக கீபோர்டு வாசிக்கிறவன். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு, முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன் மேடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சர்ச்சில் பாட்டுக்குழுவோடு. அப்பா தவில்காரர். எனக்குத் தவில் வரவில்லை. எட்டு வயதில் கை வலிக்கிறது என்று அழுதேனாம், 'சரி, உனக்கு இது ஆகாது' என்று ஆர்மோனியத்தில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து கீபோர்டு. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வருஷத்தில் என் விரல் பட்டதெல்லாம் 61 கட்டை கீபோர்டுகள்தான், அத்தனையும் ஸ்பிரிங் கட்டைகள். டிவி ரிமோட்டை அமுக்குகிற மாதிரி லேசாக இருக்கும். கட்டைக்கென்று ஒரு கனம் உண்டு, அது வாசிப்பையே மாற்றிவிடும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இருபத்தாறாயிரம் ரூபாயும் ஒன்றரை வருஷமும் தப்பியிருக்கும். வலது மணிக்கட்டும்தான்.

2021 ஊரடங்கில் ஆரம்பித்தது. திருவிழா கிடையாது, கல்யாணம் என்றால் ஐம்பது பேர், அதில் பாட்டுக் கச்சேரிக்கு எங்கே இடம்? சும்மா இருந்த நேரத்தில் பியானோவை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. போனில் வீடியோ பார்த்து வாசித்தேன். அவர்கள் வாசிப்பதையே நானும் வாசிக்கிறேன், ஸ்வரம் சரி, தாளம் சரி. ஆனால் என்னிடமிருந்து வருவது தட்டில் கரண்டி விழுகிற சத்தம். கீபோர்டில் இருக்கிற 'கிராண்ட் பியானோ' டோன் மட்டமானது என்று முடிவு கட்டினேன். என் முதல் தப்பு அதுதான், குற்றவாளியை மாற்றிப் பிடித்தது. டோனை மாற்றினால் சரியாகிவிடும் என்று லேப்டாப்பில் போடுகிற பியானோ சாஃப்ட்வேர் ஒன்றை 7,200 ரூபாய்க்கு வாங்கினேன். லேப்டாப்பில் சத்தம் தாமதமாக வந்ததால் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற வெளிப்பெட்டி ஒன்று, அது 8,500. நிஜமான கிராண்ட் பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று பல அளவில் வாசித்துப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். டெமோவைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். என் கீபோர்டை அதோடு இணைத்து வாசித்தபோது முன்னைவிட மோசம். ஒரு ஸ்வரம் முணுமுணுக்கிறது, அடுத்தது அறைகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற மிடி என்கிற முறை 1983-லிருந்து இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் 1-லிருந்து 127 வரை ஒரு எண் போகும், எவ்வளவு பலமாக வாசித்தாய் என்று. பலம் என்று சொல்கிறோமே தவிர, கீபோர்டுக்குப் பலம் எல்லாம் தெரியாது. கட்டைக்கு அடியில் இரண்டு சென்சார் இருக்கும். முதல் சென்சாரைத் தொட்டதற்கும் இரண்டாவதைத் தொட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கும், அவ்வளவுதான். சீக்கிரம் தொட்டால் பெரிய எண், நிதானமாகத் தொட்டால் சின்ன எண். அந்த எண்ணைப் பார்த்துத்தான் சாஃப்ட்வேர் எந்தப் பதிவை எடுத்துப் போடுவது என்று தீர்மானிக்கிறது. நான் ஒரே கட்டையை, ஒரே மாதிரி அழுத்துவதாக நினைத்துக்கொண்டு பத்து தடவை அழுத்தித் திரையில் எண்களைப் பார்த்தேன். 52, 88, 61, 107, 73 என்று கன்னாபின்னாவென்று ஓடியது. இருபது வருஷம் வாசித்தவன் விரல்! அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உங்களிடம் கீபோர்டும் லேப்டாப்பும் இருந்தால், ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் இந்தப் பரீட்சையைச் செய்து பாருங்கள். மிடி எண்ணைக் காட்டுகிற இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. எண்கள் தாறுமாறாக ஓடினால் புது டோன் வாங்கிப் பிரயோஜனமில்லை.

விரல் மட்டும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. காலி சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள், கொஞ்சம் கை அசைந்தாலே முன்னால் பாயும். அதே சைக்கிளில் நெல் மூட்டையை ஏற்றித் தள்ளுங்கள், புறப்படக் கஷ்டம், ஆனால் புறப்பட்டபின் ஒரே சீராகப் போகும், உங்கள் கையின் சின்னச் சின்னத் தடுமாற்றம் அதற்குத் தெரியாது. ஸ்பிரிங் கட்டை காலி சைக்கிள். அதில் தூக்கி நிறுத்துவதற்கு ஒரு ஸ்பிரிங்தான் இருக்கிறது, தள்ளுவதற்குச் சுமை இல்லை. நிஜ பியானோவில் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் கம்பியைத் தட்டுகிற மரச் சுத்தியல் ஒன்று, நெம்புகோல்கள் எல்லாம் இருக்கின்றன. 1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி என்பவர் செய்த வேலை அது. அதற்கு வைத்த பேரே 'மெதுவாகவும் பலமாகவும்' என்று அர்த்தம் தருவது, பியானோஃபோர்ட்டே. பியானோ என்ற சொல்லுக்கே 'மெதுவாக' என்றுதான் பொருள். என் கட்டையில் அந்த மெதுவே இல்லை, நான் பியானோவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, வெயிட்டட், அதாவது கனம் வைத்த கட்டைதான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இனி தப்பு நடக்காது என்று நினைத்தேன். திருச்சியில் ஒருவர் பழைய 88 கட்டை கீபோர்டு ஒன்றை விற்பதாகப் போட்டிருந்தார். போனில் கேட்டேன், "வெயிட்டட்தானே சார்?" "ஆமா சார், அசல் வெயிட்டட். வந்து தூக்கிப் பாருங்க, எவ்ளோ வெயிட்டுன்னு!" இந்தப் பதிலைக் கேட்ட இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை, அவருக்கும் தெரியாது. 27,000 ரூபாய். குட்டி யானை வாடகை 1,800. வீட்டுக்கு வந்து பத்து நாள் சந்தோஷமாக வாசித்தேன். முன்னைவிடப் பரவாயில்லை, எண்கள் கொஞ்சம் கட்டுப்பட்டன. ஆனால் மெதுவாக வாசிக்கிற இடத்தில் மறுபடி அதே கதை. அது செமி வெயிட்டட். ஸ்பிரிங்தான், கட்டையின் அடியில் கொஞ்சம் கனம் ஒட்டியிருப்பார்கள். சுத்தியல் கிடையாது.

இதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன், கடையில் உங்களுக்கு உதவும். கிராண்ட் பியானோவில் ஒரு கட்டையை மெல்ல இறக்க ஏறக்குறைய 50 கிராம் போதும் என்று படித்தேன். எங்கள் கடையில் பித்தளைச் சாமானெல்லாம் எடைக்குத்தான் விற்பனை, எலக்ட்ரானிக் தராசு மேஜையிலேயே இருக்கும். பத்து ரூபாய்க் காசை வைத்துப் பார்த்தேன், 7.7 கிராம். ஏழு காசு வைத்தால் 54. நம் பக்கத்தில் பெட்டிக்கடைக்காரர் முகம் சுளித்து, பஸ்ஸில் கண்டக்டரும் வாங்கத் தயங்குகிற அந்தக் காசு எனக்கு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. கட்டையின் முன் விளிம்பில் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஸ்பிரிங் கட்டை என்ன செய்யும் தெரியுமா? நாலு காசுக்குக் கொஞ்சம் இறங்கும், இன்னும் ரெண்டு வைத்தால் இன்னும் கொஞ்சம், பாதியில் நின்று கிடக்கும். கீழே போகப் போக ஸ்பிரிங் எதிர்க்கும் அல்லவா? சுத்தியல் வைத்த கட்டை அப்படி இல்லை. ஏழு காசுக்கு அசையாது, எட்டாவது காசை வைத்ததும் தயங்கித் தயங்கிப் புறப்பட்டு அடிவரை போய்ச் சேரும். காசு இல்லாவிட்டால் விரலாலேயே பார்க்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு கட்டையை ரொம்ப மெதுவாக இறக்குங்கள். ஆரம்பத்தில் கனமாக இருந்து பின்னால் தானாகப் போனால் சுத்தியல். போகப் போக இறுகினால் ஸ்பிரிங். விரலைச் சட்டென்று எடுத்துவிட்டுக் கட்டை எப்படித் திரும்பி வருகிறது என்றும் பாருங்கள். துள்ளிக்கொண்டு வந்தால் ஸ்பிரிங், சாவகாசமாக வந்து உட்கார்ந்தால் சுத்தியல். விளம்பரத்தில் சுத்தியலைக் குறிக்கிற 'ஹேமர் ஆக்‌ஷன்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள். வெறும் 'வெயிட்டட்', 'டச் சென்சிட்டிவ்', 'பியானோ ஸ்டைல்' என்று இருந்தால் நம்பாதீர்கள். டச் சென்சிட்டிவ் என்பது சென்சார் சமாசாரம், கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 88 கட்டை என்பதும் நீளம்தான்.

கோபத்தில் அதை 18,500-க்குத் தள்ளிவிட்டேன். 8,500 நஷ்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், மேடைக்கு அந்த செமி வெயிட்டட்தான் எனக்குப் பொருத்தமான சாமான் என்று இப்போது தெரிகிறது. ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், கொஞ்சம் பியானோ என்று எல்லாம் கலந்து வாசிக்கிறவனுக்கு அது நடுவாந்திரமாக ஒத்துப்போயிருக்கும். பியானோ, பியானோ என்று மனசு ஒரே பக்கம் ஓடிக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவில்லை.

மூன்றாவதாகக் கடையிலேயே போய் சுத்தியல் வைத்த டிஜிட்டல் பியானோ வாங்கினேன், 46,000. மனைவியின் சீட்டுப் பணம் அதில் கொஞ்சம் போனது. "ஏங்க, இதுவாச்சும் கடைசிதானே?" என்றாள். அந்த 'ஆச்சும்' இன்றைக்கும் காதில் இருக்கிறது. கடையில் காசு அடுக்கிப் பார்த்தேன், கடைப் பையன்கள் சிரித்தார்கள், பரவாயில்லை. நடு ஸி கட்டைக்கு எட்டு காசு, இடது கோடியில் பத்து, வலது கோடியில் ஏழு. நிஜ பியானோவில் மந்திர ஸ்தாயிச் சுத்தியல்கள் பெரிது, தார ஸ்தாயியில் சின்னது. அதே மாதிரி கனத்தை இறக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள், 'கிரேடட்' என்று சொல்வது இதைத்தான். வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பியானோ சாஃப்ட்வேரை, வாங்கி ஏழு மாசம் தூங்கிக்கொண்டிருந்ததை, இதோடு இணைத்தேன். முதல் ஸ்வரத்திலேயே கண் கலங்கிவிட்டது. அதே சாஃப்ட்வேர், அதே லேப்டாப், அதே ஸ்பீக்கர். கட்டை மட்டும் வேறு. அந்த 7,200 வீண் என்று நினைத்தது வீணில்லை, வரிசை மாறிப்போய்விட்டது.

இங்கே கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சந்தோஷத்தில் முதல் வாரமே தினம் மூன்று மணி நேரம் வாசித்தேன். சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாரும் தூங்கியபின் ராத்திரியில், சத்தத்தைக் குறைத்து வைத்து. இந்த வாக்கியத்தில் எத்தனை தப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பதினோராம் நாள் காலையில் டிவிஎஸ் 50-யின் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியவில்லை. கட்டைவிரல் பக்கத்திலிருந்து முழங்கைவரை ஒரு சுரீர். டாக்டர் தசைநாண் வீக்கம் என்றார், ஐந்து வாரம் வாசிக்கக்கூடாது, பிறகு பயிற்சி. மருந்து, பிசியோதெரபி என்று 5,400 ரூபாய். அந்த ஐந்து வாரத்தில்தான் ஊரடங்கெல்லாம் தளர்ந்து நிகழ்ச்சிகள் திரும்ப வந்தன. ஆறு நிகழ்ச்சிகளை விட்டேன், நிகழ்ச்சிக்கு 1,500 வீதம் 9,000 ரூபாய். எனக்குப் பதிலாக ஒரு பையன் போனான், இப்போது பாதி நிகழ்ச்சிக்கு அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வலி ஏன் வந்தது என்பதைத் தஞ்சாவூரில் ஒரு ரிட்டயர்டு பியானோ மிஸ்தான் விளக்கினார். நம்ம தஞ்சாவூருக்கு மேற்கத்திய சங்கீதம் நேற்று வந்ததில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர், பாதிரியார் சுவார்ட்ஸின் மாணவர், சேர்த்துவைத்த மேல்நாட்டு இசைச் சுவடிகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் பியானோ சொல்லிக்கொடுக்க ஆள் தேடினால் கையில் எண்ணிவிடலாம். மிஸ்ஸுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். கூடத்தில் ஒரு பழைய மரப் பியானோ, மேலே குடும்பப் படங்கள். என்னை வாசிக்கச் சொல்லி ஒரு நிமிஷம் கேட்டார், கேட்டார் என்பதைவிட என் முன்கையைப் பார்த்தார். "தம்பி, சத்தம் வந்த பெறகும் எதுக்குக் கட்டைய அமுக்கிக்கிட்டே இருக்கீங்க?" நான் அமுக்குவதே எனக்குத் தெரியவில்லை. "பியானோவுல நீங்க கம்பிய அடிக்கல, சுத்தியலத் தூக்கி எறியிறீங்க. கட்டை அடியத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே சுத்தியல் ஒங்க கைய விட்டுப் போயிடுது. எறிஞ்ச கல்லப் பின்னாடியே போயி யாராச்சும் தள்ளுவாங்களா?" லேசான கட்டையில் அமுக்கிக்கொண்டிருந்தாலும் ஒன்றும் ஆகாது, அதனால் இருபது வருஷமாக அந்தப் பழக்கம் வெளியே தெரியவில்லை. கனமான கட்டையில் அதே பழக்கம் மணிக்கட்டைச் சாப்பிட்டுவிட்டது. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தவில்லயும் அதேதான். அடிக்கிறதுக்கு ஒரு பங்கு, கைய எடுக்கிறதுக்கு ரெண்டு பங்கு. எடுக்கத் தெரியாதவன் தோலப் போட்டு அமுக்குவான், நாதம் செத்துப்போவும். நீ எட்டு வயசுல அழுதியே, அதுவும் இதுக்குத்தான்." முப்பது வருஷம் கழித்து!

மிஸ் சொன்ன மற்ற மூன்று விஷயங்கள் ரொம்பச் சின்னவை, ஆனால் அவைதான் கையைக் காப்பாற்றின. வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72, 73 சென்டிமீட்டர் இருக்கணும். சாப்பாட்டு மேஜையே 75, அதன்மேல் பியானோவின் உயரம் சேர்ந்தால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் வாசிக்க முடியும். உட்கார்ந்தால் முழங்கை கட்டையின் மட்டத்தில் நிற்க வேண்டும், அதற்குத் தகுந்த ஸ்டூல். 1,900 கொடுத்து வாங்கிய எக்ஸ் ஸ்டாண்டு இதன் கனத்துக்கும் அடிக்கும் ஊஞ்சலாடியது, காலும் உள்ளே நுழையாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தச்சரிடம் அளவு சொல்லி ஒரு மேஜை செய்தேன். ரெண்டாவது, சத்தத்தைக் குறைத்து வைத்து வாசிக்காதே. ஸ்பீக்கரில் சத்தம் கம்மியாக இருந்தால் கை தன்னையறியாமல் ஓங்கி அடித்து ஈடுகட்டப் பார்க்கும். ராத்திரியில் ஹெட்போன் போட்டு, நிஜ பியானோ எதிரே இருந்தால் எவ்வளவு கேட்குமோ அந்த அளவில் வைத்துக்கொள். மூன்றாவது, முதல் மாசம் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஒரேயடியாக வாசிக்காதே. நான் இன்றைக்கும் போனில் மணி வைத்துத்தான் வாசிக்கிறேன்.

டச் செட்டிங் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களில் சாஃப்ட், மீடியம், ஹார்டு என்றோ லைட், ஹெவி என்றோ இருக்கும். இதை மாற்றினால் கட்டையின் கனம் மாறும் என்று நானே ரொம்ப நாள் நம்பினேன். கனம் மாறாது. அதே வேகத்துக்கு எவ்வளவு சத்தம் என்பதுதான் மாறும். கை வலிக்கிறவர்களுக்குக் கொஞ்ச நாள் லேசான பக்கம் வைத்துக்கொள்வது நல்லது, குறைந்த உழைப்பில் சத்தம் வந்துவிடும். பேர்கள் கம்பெனிக்குக் கம்பெனி குழப்பும், அதனால் பேரைப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் வைத்து வாசித்துக் காதால் முடிவு செய்யுங்கள். ஃபிக்ஸ்டு அல்லது ஆஃப் என்று ஒன்று இருக்கும், எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம். நான் ஞாயிறுதோறும் வாசித்த சர்ச் கீபோர்டில் எத்தனையோ வருஷமாக அதுதான் போட்டிருந்தது! மெனுவைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. 'இந்தக் கீபோர்டு பியானோவுக்கு லாயக்கில்லை' என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

கை தேறியதும் புதுப் பியானோவை ஒரு ஆடித் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், பெருமையடித்துக்கொள்ள. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம், வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல கூட்டம். பன்னிரண்டு கிலோ, வேனிலிருந்து மேடைக்கு ரெண்டு பேர் பிடித்தோம். மெலடி பாட்டில் பியானோ இன்ட்ரோ வாசித்தபோது பாடுகிற அண்ணன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு சரி. அடுத்து வேகமான பாட்டு, ஆர்கன். ஆர்கனில் உள்ளங்கையால் சரேலென்று ஒரு இழுப்பு இழுப்போமே, அதைக் கனமான கட்டையில் செய்ததில் நகக்கண் கிழிந்தது. ஆர்கனுக்கு எவ்வளவு பலம் என்ற கணக்கே கிடையாது, கட்டை கொஞ்சம் இறங்கியதும் சத்தம் வர வேண்டும். சுத்தியல் கட்டையிலோ முக்கால் ஆழம் போனபின்தான் வரும், எல்லாமே இம்மி பிந்திக் கேட்டது. ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று அடிக்கிற இடத்தில் பாதி விழவில்லை. ரெண்டு சென்சார் மட்டும் இருந்தால் கட்டை கிட்டத்தட்ட மேலே வந்தால்தான் அடுத்த அடி பதிவாகும். மூன்று சென்சார் வைத்தவற்றில் பாதி வழியிலேயே திரும்ப அடிக்கலாம், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, புல்லாங்குழல் பிட் வந்தது. இடது கை பழக்கத்தில் ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் தேடிப் போகிறது, அங்கே வெறும் பிளாஸ்டிக். வீட்டு உபயோகத்துக்கான டிஜிட்டல் பியானோக்கள் பலவற்றில் அது கிடையாது. வாங்கும்போது கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவன் இதைப் பார்க்கவில்லை. கமகம் இல்லாமல் புல்லாங்குழல் வாசித்தால் எப்படி இருக்கும்? ரிங்டோன் மாதிரி இருந்தது. நாதஸ்வர மண்ணில், அம்மன் சன்னதிக்கு எதிரே.

அன்றைக்குப் புரிந்ததை இப்படிச் சொல்லலாம்: எந்த வாத்தியத்தில் ஏதாவது ஒன்று இன்னொன்றைப் போய்த் தட்டுகிறதோ, பியானோ, எலக்ட்ரிக் பியானோ, சந்தூர், அந்த டோன்களுக்குச் சுத்தியல் கட்டை உயிர் கொடுக்கும். காற்றாலோ வில்லாலோ வருகிற சத்தங்களுக்கும், ஆர்கனுக்கும், தட்டுகிற வாத்தியமே ஆனாலும் கீபோர்டிலேயே படபடவென்று தபேலா, தவில் உருட்டுவதற்கும் லேசான கட்டைதான் வசதி. இப்போது பழைய 61 கட்டையைத்தான் மேடைக்குக் கொண்டுபோகிறேன். டச் செட்டிங்கை ஹார்டு பக்கம் வைத்துக்கொண்டு பியானோ வாசித்தால் அந்த அறைகிற சத்தம் பாதி குறைகிறது. சுத்தியல் கட்டையில் விரலைப் பழக்கியதால் ஸ்பிரிங்கிலும் எண்கள் முன்னைவிடச் சீராக இருக்கின்றன. எதிர்ப்பக்கம் மட்டும் நடக்காது, லேசான கட்டையில் பழகிவிட்டுக் கனமானதில் உட்கார்ந்தால் என் கதிதான்.

நஷ்டக் கணக்கு, தொழில் தோஷம், எழுதாமல் இருக்க முடியாது: பழைய கீபோர்டில் 8,500, வாடகை 1,800, ஸ்டாண்டு 1,900, வைத்தியம் 5,400, விட்ட நிகழ்ச்சிகள் 9,000. மொத்தம் 26,600.

பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன் தன் பெண்ணைக் கிளாஸில் சேர்க்கப்போவதாகவும், எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்றும் கேட்டார். எந்தப் பரீட்சைக்கு என்று திருப்பிக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. டிரினிட்டி என்கிற லண்டன் இசைத் தேர்வு நிறுவனத்தில் பியானோவுக்குத் தனி கிரேடு, எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனி கிரேடு. பாடமே வேறு. கீபோர்டு கிரேடு என்றால் ரிதம் எல்லாம் இருக்கிற லேசான கட்டைச் சாமான் வேண்டும். பியானோ கிரேடு என்றால் முதல் நாளிலிருந்தே சுத்தியல் கட்டை. கிளாஸ் டீச்சரிடம் இதைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள் என்றேன். ஐப்பசி மழையில் கட்டைக்கு அடியில் இருக்கிற ரப்பர் சென்சாரில் ஈரமும் தூசியும் சேர்ந்து சில கட்டைகள் திடீரென்று ஓங்கிக் கத்தும், அதற்கு ஒரு துணி உறையும், எறும்பு ஏறாத இடமும் போதும் என்றும் சொல்லிவைத்தேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. தவிலைத் தோளில் மாட்டி நாலு வருஷம் ஆகிறது. போன மாசம் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது அவர் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. "கரண்டு இல்லியாடா?" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "மெதுவா எறக்கினா சுத்தியல் போயித் தொடாதுப்பா, அதனால சத்தம் வராது. நெசப் பியானோவுலயும் அப்படித்தான்" என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. கை லேசாக நடுங்கும், நடுங்கினால் கட்டை பேசிவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவரை சத்தம் வராமல் ஒவ்வொரு கட்டையாக இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நேத்து நாலு கட்டை எறக்கிட்டேன். அஞ்சாவதுதான் மாட்டுது."